சிரித்துக் கற்போம், சிரிப்புக்கு ஆளாக்காமல் கற்போம்



2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, கல்வியறிவில் தமிழ்நாட்டின் முதல் மாவட்டம் நம் கன்னியாகுமரி, 91.75 விழுக்காடு. தக்கலை, குளச்சல், திருவிதாங்கோடு, தேங்காய்ப்பட்டணம், இடலாக்குடி என நம் மஹல்லாக்கள் எங்கும் பட்டதாரிகள் உள்ளனர். ஆயினும், ஆங்கில நாளிதழைத் தடையின்றி வாசிக்கும் ஒரு சகோதரி, கணவருடன் வளைகுடா நாட்டிற்குச் சென்றபின், காய்ச்சலில் துவளும் தம் குழந்தைக்கு என்ன செய்கிறது என்று மருத்துவரிடம் சொல்ல இயலாமல் நிற்கிறார். தேர்வுக்குப் படித்த ஆங்கிலம் வேறு. வாழ்வுக்கு வேண்டிய ஆங்கிலம் வேறு.

இந்தக் குறையை நிரப்பவே நம் பிள்ளைகள் பலர் ஆங்கில நகைச்சுவைத் தொடர்களை நாடுகின்றனர். இதனை அனுமதிக்கலாமா என்று பெற்றோர் தயங்குகின்றனர். அனுமதிக்கலாம் என்பதே என் கருத்து. ஆனால் அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு: எதைப் பார்க்கிறோம் என்பது ஒன்று, யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பது மற்றொன்று.

பிறமொழி கற்பது மார்க்கத்திற்கு அயலானதன்று. மனிதர்களின் மொழிகள் வேறுபட்டிருப்பதைத் தன் அத்தாட்சிகளுள் ஒன்றாக அல்லாஹ் ஸூரத்துர் ரூமில் (30:22) குறிப்பிடுகின்றான். யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு நபி (ஸல்) அவர்கள் ஜைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களைப் பணித்ததும், அவர் அரை மாதத்திற்குள் அதனைக் கற்றுத் தேர்ந்ததும் திர்மிதியில் பதிவாகியுள்ளன. நம் கடற்கரையில் ஆங்கிலப் பள்ளிக்கு எழுந்த எதிர்ப்பைத் தோப்பில் முஹம்மது மீரான் தம் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில் எழுதிவைத்தார். அக்காலம் கடந்துவிட்டது. இன்று ஆங்கிலம் வேண்டாமென்பார் எவருமில்லை. எவ்வாறு கற்பது என்பதே வினா.

நகைச்சுவைத் தொடரில் கற்பது எளிதாவதற்குக் காரணங்கள் உள்ளன. ஒரே வீடு, ஒரே சமையலறை, அதே ஐந்தாறு மனிதர்கள். வாக்கியங்கள் சிறியவை, நாள்தோறும் திரும்ப வருபவை. 'நெவர் மைண்ட்' என்றால் 'பரவாயில்லை, விடு' என்பதையும், 'ஹெல்ப் யுவர்செல்ஃப்' என்றால் விருந்தினரிடம் 'நீங்களே எடுத்துச் சாப்பிடுங்கள்' என்பதையும் அகராதியைப் புரட்டாமலே முகபாவத்தாலும் கையசைவாலும் உணர்ந்துகொள்கிறோம். நாகர்கோவிலில் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் தம் சீர்திருத்தக் கருத்துகளைச் சிரிப்பில் வைத்துத் தந்ததை அறிந்த நமக்கு, சிரிப்புடன் வருவது மனத்தில் தங்கும் என்பதைச் சொல்லித் தரவேண்டியதில்லை.

இவ்வழியில் ஆங்கிலம் கற்றவர்களுள் உலகறிந்தவர் கொரிய இசைக்குழுவான பி.டி.எஸ்.ஸின் தலைவர் ஆர்.எம். அமெரிக்கத் தொடரான 'ஃப்ரெண்ட்ஸ்' மூலம் ஆங்கிலம் கற்றதாக 2017இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் அவர் கூறினார். முதலில் கொரிய மொழி வசன வரிகளுடனும், அடுத்து ஆங்கில வரிகளுடனும், இறுதியில் வரிகளே இல்லாமலும் பார்த்தாராம். அம்முறை நாமும் கைக்கொள்ளத் தக்கது. ஆனால் 1994 முதல் 2004 வரை 236 பகுதிகளாக வந்த அத்தொடர், மதுவையும் திருமணத்திற்குப் புறம்பான உறவுகளையும் இயல்பான வாழ்வாகவே காட்டுகிறது. மொழியோடு வாழ்க்கைமுறையும் உள்ளே நுழையும் என்பதை மறத்தலாகாது. முறையை எடுத்துக்கொள்வோம், தொடரை வேறாகத் தேர்வோம்.

பலர் பரிந்துரைப்பது பிரித்தானியத் தொடரான 'மைண்ட் யுவர் லாங்வேஜ்'. 1977இல் தொடங்கிய இது, இலண்டனில் மாலை வகுப்பில் ஆங்கிலம் கற்கும் பலநாட்டு மாணவர்களைப் பற்றியது. ஒரு சொல்லுக்கு இரு பொருள் இருப்பதால் விளையும் குழப்பமே பெரும்பாலும் அதன் நகைச்சுவை. ஆகவே சொற்கள் நன்கு பதிகின்றன. எனினும், அதில் நாம் எவ்வாறு காட்டப்படுகிறோம்? அலி நதீம் என்ற பாகிஸ்தானியர் எதையும் தவறாகவே புரிந்துகொள்பவர். ஜமீலா என்ற இல்லத்தரசி ஆங்கிலம் அறவே அறியாமல் வகுப்பில் கம்பளி பின்னிக்கொண்டிருப்பவர். சீக்கியர், சீனர், ஜப்பானியர் என ஒவ்வொரு சமூகமும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டுள்ளது. இக்குறை சுட்டப்பட்டே 1979இல் அத்தொடர் நிறுத்தப்பட்டது.

ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிக்க வேண்டாமென்று ஸூரத்துல் ஹுஜுராத் (49:11) தடுக்கிறது. பரிகசிக்கப்படுவோர் பரிகசிப்போரைவிடச் சிறந்தவராக இருக்கலாம் என்றும் நினைவூட்டுகிறது. சென்னைக்குச் சென்று வாய்திறந்தவுடன் 'நீங்கள் மலையாளியா?' என்ற நகைப்பைக் கேட்ட குமரி மாவட்டத்தார்க்கு இந்த வசனத்தின் ஆழம் நன்கு விளங்கும். அத்தொடரைப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும். ஆனால் ஜமீலாவைக் கண்டு பிள்ளைகள் சிரிக்கும்போது, அந்தப் பெண்மணி தம் மொழியில் குறையேதும் இல்லாதவர் என்று பெற்றோர் ஒரு சொல் சொல்லவேண்டும்.

குடும்பத்துடன் காண இவற்றினும் ஏற்றது கனடாவின் 'லிட்டில் மாஸ்க் ஆன் தி ப்ரேய்ரி'. முஸ்லிம் பெண்மணியான ஸர்கா நவாஸ் உருவாக்கி, 2007 முதல் 2012 வரை ஒளிபரப்பானது. ஒரு சிற்றூரில், தேவாலயத்தின் மண்டபத்தை வாடகைக்கு எடுத்துப் பள்ளிவாசல் நடத்தும் மக்களின் கதை. வழக்கறிஞர் தொழிலை விட்டு இமாமாக வரும் இளைஞர், முதல் பகுதியில் விமான நிலையத்தில் தாயாருடன் தொலைபேசியில் பேசுகிறார். அதிர்ச்சியான செய்தியைத் திடீரெனச் சொல்வதை ஆங்கிலத்தில் 'குண்டு போடுதல்' என்பர். தன் எதிர்காலத்தைத் தானே கெடுத்துக்கொள்வதைத் 'தற்கொலை' என்பர். அவர் சொன்ன இவ்விரண்டையும் அருகிலிருந்தவர் நேர்ப்பொருளில் கொள்ள, காவலர்கள் வந்துவிடுகின்றனர். மரபுத்தொடருக்கும் நேர்ப்பொருளுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க இதனினும் நல்ல பாடம் ஏது? இங்கே சிரிப்பு முஸ்லிமின் மீதன்று; அவரைப் பற்றிய அச்சத்தின் மீது. இதில் காட்டப்படும் எல்லாக் கருத்துகளும் நமக்கு உடன்பாடானவை அல்ல. அதனால்தான் பெற்றோர் உடனிருக்க வேண்டும்.

பார்க்கும் முறையும் எளிதே. நாளொன்றுக்கு ஒரு பகுதி. தொழுகை நேரத்தை அது தின்னலாகாது. திரையின் கீழே ஆங்கில வரிகள் ஓடட்டும். செவி கேட்பதையே கண்ணும் வாசித்தால் வாசிப்புத்திறன் வளரும் என்ற அடிப்படையில்தான், இந்திய மொழித் திரைப்பாடல்களுக்கு அதே மொழியில் வரிகள் இடும் முயற்சியை அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் பிரிஜ் கோத்தாரி தொடங்கினார். ஐந்து தொடர்களைக் குறிப்பேட்டில் எழுதி, மறுநாள் வீட்டிலேயே பேசிப் பார்க்கவேண்டும்.

பேசிப் பார்க்கும் அந்த இடத்தில்தான் உண்மையான சோதனை இருக்கிறது. உம்மா துணிந்து ஓர் ஆங்கில வாக்கியம் சொல்கிறார். உச்சரிப்புப் பிழைபடுகிறது. ஆங்கிலவழிப் பள்ளியில் பயிலும் மகன் சிரிக்கிறான். வாப்பாவும் சேர்ந்து சிரிக்கிறார். அன்று மூடிய வாய் பிறகு திறப்பதில்லை. வளைகுடா மருத்துவமனையில் ஒரு தாயைப் பேசவிடாமல் தடுப்பது சொற்பஞ்சம் மட்டுமன்று. வீட்டில் கேட்ட அந்தச் சிரிப்பும் தடுக்கிறது. மேற்கண்ட வசனம் பெண்கள் பிற பெண்களைப் பரிகசிப்பதையும் தனியே எடுத்துக்கூறித் தடுக்கிறது. நாத்தனார்களும் மருமகள்களும் இதனைச் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளனர்.

ஆகவே சகோதர சகோதரிகளே, திரையில் வரும் பிழையைக் கண்டு சேர்ந்து சிரிப்போம். நம்மவர் நாவில் வரும் பிழையை மென்மையாகத் திருத்துவோம். இன்ஷா அல்லாஹ், நம் இல்லங்களில் தாய்மாரின் குரல் தயக்கமின்றி ஒலிக்கும். அல்லாஹ் நம் நாவுகளின் முடிச்சுகளை அவிழ்ப்பானாக. ஆமீன்.