சத்திரமா, விருந்தினர் அறையா? – இலவச வேத ஆய்வும் கிராமச் சபைகளும்

எமது கிராமச் சபைகளில் வேதபாடம் நடத்துவோரில் அநேகர் இறையியற் கல்லூரியில் பயின்றவர்கள் அல்லர். பள்ளிக்கூட ஆசிரியை, கமக்காரர், சங்கக்கடையில் வேலை செய்பவர், தையல் படிப்பிக்கும் யுவதி ஆகியோரே ஞாயிறு பாடசாலையையும் வீட்டுக் கூட்டங்களையும் கொண்டு நடத்துகிறார்கள். குருவானவருக்கோ நாலைந்து சபைகள். திருவிருந்து முடிந்ததும் அடுத்த ஊருக்கு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டுவிடுவார். முன்பெல்லாம் இந்த ஊழியர்களுக்கு ஒரு வேதாகமமும், வெளிநாடு சென்ற யாரோ விட்டுப்போன பழைய ஆங்கில வியாக்கியானமுமே துணை. இன்று அவர்களிற் பலரிடம் கைத்தொலைபேசி இருக்கிறது. ஒரு சிறு நூலகமே அதற்குள் இலவசமாகக் கிடக்கிறது.

ஆனால் அந்த நூலகத்துக்குள் நுழைபவர்கள் குறைவு. வட்ஸ்அப்பில் வரும் வசனப் படங்களைப் பத்துப் பேருக்கு அனுப்புகிறோம், யூரியூப்பில் ஒரு பிரசங்கியாரைக் கேட்டுவிட்டு அவர் சொன்னதை ஞாயிற்றுக்கிழமை அப்படியே ஒப்புவிக்கிறோம். இது வேத ஆய்வு அல்ல. ஆலயத்துக்குள் போன் எடுக்கவே கூடாது என்று கோபிக்கும் மூப்பர்களின் பயம் எனக்கு விளங்குகிறது. எனினும் தடையினால் பயனில்லை, பயிற்சிதான் தேவை. கூட்டெரு செய்வதையும் சங்கக் கணக்கு எழுதுவதையும் வகுப்பு வைத்துச் சொல்லிக்கொடுக்கும் திருச்சபை, இதையும் சொல்லிக்கொடுக்கலாம்.

ஒரு உதாரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். லூக்கா 2:7இல், இயேசு பிறந்தபோது சத்திரத்தில் இடமிருக்கவில்லை என்று எமது பழைய தமிழ் வேதாகமத்தில் வாசிக்கிறோம். நல்ல சமாரியன் காயப்பட்டவனைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும், 10:34இன்படி, சத்திரத்திலேதான். தமிழில் இரண்டும் ஒரே சொல். இப்போது புளூ லெட்டர் பைபிள், பைபிள் ஹப், ஸ்டெப் பைபிள் ஆகிய தளங்களில் ஒன்றைத் திறந்து, அந்த வசனங்களின் கிரேக்கச் சொல்லைத் தொட்டுப் பாருங்கள். சமாரியன் கதையில் வருவது 'பந்தொகேயோன்', காசு கொடுத்துத் தங்கும் இடம். பிறப்பின் கதையில் வருவது 'கத்தாலுமா'. அது புதிய ஏற்பாட்டில் மூன்றே இடங்களில் வருகிறது. மற்ற இரண்டும் (மாற்கு 14:14, லூக்கா 22:11) இயேசு சீடரோடு பஸ்கா உண்ட வீட்டின் அறையைக் குறிக்கின்றன. அப்படியானால் பெத்லெகேமிலும் ஒரு வீட்டின் விருந்தினர் அறைதான் நிறைந்திருந்ததா? 2011ஆம் ஆண்டின் என்.ஐ.வி. ஆங்கில மொழிபெயர்ப்பு அப்படித்தான் மாற்றிக்கொண்டது.

உடனே, கதவைச் சாத்திய சத்திரக்காரன் பொய் என்று பிரசங்க மேடையில் முழங்கிவிடக் கூடாது. பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில், யாத்திராகமம் 4:24இல், மோசே வழியில் தங்கிய இடத்துக்கும் இதே சொல்லே வருகிறது. ஆகவே சத்திரம் என்பதைத் தள்ளிவிடவும் முடியாது. சொல்லைத் தட்டிப் பார்த்தவுடன் விடை கிடைத்துவிட்டது என்று நினைப்பதுதான் இந்த இலவசக் கருவிகளால் வரும் பெரிய மயக்கம்.

ஆயினும் இக்கேள்வியை ஒரு வீட்டுக் கூட்டத்தில் போட்டுப் பாருங்கள். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு வந்தபோது, ஒரு வீட்டில் எத்தனை குடும்பங்கள் இருந்தன, அறைகள் நிறைந்தபின் யார் விறாந்தையில், யார் கொட்டிலில் படுத்தார்கள் என்பதை அறிந்தவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். வரவேற்ற வீட்டிலேயே இடமில்லாமற் போவது எப்படி என்று அவர்களுக்கு எந்த வியாக்கியானமும் விளக்க வேண்டியதில்லை. கல்லூரிப் பேராசிரியரை விட அவர்கள் இதைப் பற்றிக் கூடுதலாகக் கதைப்பார்கள். தொலைபேசி செய்த வேலை கேள்வியைக் கொண்டுவந்து வைத்தது மட்டுமே.

இனி, இலவசம் என்ற சொல்லைப் பற்றி. இத்தளங்களில் தாராளமாகக் கிடைக்கும் வியாக்கியானங்களிற் பெரும்பகுதி பதிப்புரிமை முடிந்துபோன பழைய நூல்கள். மத்தேயு ஹென்றி 1714இல் காலமானார், அடம் கிளார்க் 1832இல். பலரும் வேதவாக்குப் போல நம்பும் ஸ்ட்ரோங்கின் ஒத்தவாக்கிய அகராதி 1890இல் வெளிவந்தது. எகிப்தின் ஒக்சிரிங்கசில் பப்பிரசுச் சுவடிகளைத் தோண்டத் தொடங்கியது 1896இல். சாக்கடற் சுருள்கள் கண்டெடுக்கப்பட்டது 1947இல். இவற்றால் தெரியவந்தவை அந்தப் பெரியவர்களுக்குத் தெரியாது. அவர்களிடம் பக்தியும் உழைப்பும் நிறைய உண்டு, வாசிக்கத்தான் வேண்டும். ஆனால் எழுதியவர் யார், எந்த ஆண்டு என்று பார்த்துவிட்டு வாசிக்க வேண்டும். கத்தோலிக்க அன்பர்களுக்கு இன்னொன்று: தோபித்து, மக்கபேயர் முதலிய நூல்கள் பல தளங்களின் பட்டியலில் இராது.

பெரிய தடை மொழி. மேலே சொன்ன ஆய்வு வசதிகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. தமிழில் தாராளமாகக் கிடைப்பது வேதபாடம் மட்டுமே. அதையும் குறைத்து மதிக்க வேண்டாம். ஆங்கிலம் வராதவர்களும் இரண்டு தமிழ் மொழிபெயர்ப்புகளைப் பக்கத்திற் பக்கம் வைத்து வாசிக்கலாம். ஹென்றி பவர் தலைமையில் 1871இல் நிறைவேறிய பழைய மொழிபெயர்ப்பு யூவேர்ஷன் செயலியில் உண்டு. பைபிள் கேற்வே தளத்தில் எளிய தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்று இருக்கிறது. சபைகள் சேர்ந்து 1995இல் வெளியிட்ட திருவிவிலியம் அச்சில் கையிலிருந்தால் மூன்றாயிற்று. மூன்றும் வேறுபடும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். அந்த இடத்திலிருந்து கலந்துரையாடலைத் தொடங்கலாம். கண் தெரியாத முதியவர்களுக்காக பைபிள்.இஸ் செயலியில் தமிழில் கேட்கவும் வழியுண்டு.

டேட்டாச் செலவுக்குப் பயப்படுவோர், சிக்னல் நல்லாயிருக்கும் பட்டினத்துக்குப் போகும் நாளில் யூவேர்ஷனிலுள்ள தமிழ் வேதாகமத்தை இறக்கிக்கொள்ளலாம். பிறகு இணைப்பு இல்லாமலே வாசிக்கலாம். பத்துப் பேருக்கு ஒரு தொலைபேசி போதும். ஒருவர் தேடட்டும், மற்றவர்கள் அச்சு வேதாகமத்தைப் பிடித்திருக்கட்டும். எல்லாரும் ஆளுக்கொரு திரையைப் பார்த்துக் குனிந்திருந்தால் வேதபாடக் கூட்டம் பஸ் தரிப்பிடம் போலாகிவிடும்.

மறைமாவட்டங்களிடமும் சினோட்டுகளிடமும் ஒரு வேண்டுகோள். பிலிமத்தலாவையில் 1963 முதல் இயங்கும் இலங்கை இறையியற் கல்லூரி தமிழிலும் சிங்களத்திலும் கற்பிக்கிறது. அங்கே கிரேக்கமோ எபிரேயமோ படிக்கும் மாணவர் ஒவ்வொருவரும், கத்தாலுமா போன்ற ஒரு சொல்லுக்கு ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு எழுதட்டும். சொல் வரும் இடங்கள், அறிஞர் கருத்து வேறுபாடு, கலந்துரையாட மூன்று கேள்விகள் அதில் இருந்தாற் போதும். அதை இணையத்தில் இலவசமாகப் போடுங்கள். தொலைபேசி இல்லாத சபைகளுக்கு அதே பக்கத்தைப் போட்டோப் பிரதி எடுத்து, குருவானவரின் மோட்டார் சைக்கிளில் கொடுத்து அனுப்புங்கள்.