பட்டியல் போட்டவர் பிழைக்குப் பட்டியலில் இருப்பவருக்குத் தண்டனையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஸ்தல ஸ்தாபனங்களில் ஊழியம் பார்க்கும் சிப்பந்திகளின் பதவி உயர்வும் பதவி இறக்கமும் வருஷக்கணக்கில் வழக்குகளாகவே நீண்டுகொண்டிருப்பதையும், அந்த வழக்குகளுக்குச் சிறிதும் காரணமாகாத எளியவர்களின் தலையிலேயே அவற்றின் பாரமெல்லாம் வந்து இறங்குவதையும் குறித்து என் ஆட்சேபத்தைத் தங்கள் பத்திரிகை வாயிலாகத் தெரிவித்துக்கொள்கிறேன். நான் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆதலால் இது எனக்கு வெறும் பத்திரிகைச் செய்தி அல்ல.

எனக்கு நெடுநாள் பழக்கமான ஒருவர், இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, உதவியாளராகி, பிறகு துணை வட்டார வளர்ச்சி அலுவலராக உயர்ந்து, ஓய்வுக்குச் சில காலமே எஞ்சியிருந்த நிலையில், ஒருநாள் முற்பகல் தபாலோடு தபாலாக ஒரு செயல்முறை ஆணையைப் பெற்றார். அவர் பெயரும் அலுவலகத்தின் பெயரும் இங்கே வேண்டியதில்லை. ‘பொருள்’ என்பதற்குக் கீழே ‘பார்வை’ என்று வரிசையாக அரசாணைகளையும் கடிதங்களையும் அடுக்கியிருந்த அந்த ஆணையின் கடைசிப் பத்தியில், முதுநிலைப் பட்டியல் திருத்தியமைக்கப்பட்டதன் விளைவாக அவர் உதவியாளராகப் பணியிறக்கம் செய்யப்படுவதாகவும், அதுவரை மிகுதியாகப் பெற்ற ஊதியம் பிடித்தம் செய்யப்படும் என்றும் இரண்டு வரிகள் இருந்தன. பணிப்பதிவேட்டில் பதவி உயர்வு பதிவாகியிருந்த இடம் சிவப்பு மையால் அடிக்கப்பட்டது. “சார், எனக்கு பிரமோஷன் குடுங்கன்னு நான் யார்கிட்டயும் போய் நிக்கல, அவங்களா ஆர்டர் போட்டாங்க, இப்ப அவங்களே தப்புன்னு சொல்றாங்க. தப்புப் பண்ணுனது யாருன்னு எந்தப் பேப்பர்லயும் இல்லையே!” என்று அவர் கேட்டதற்கு என்னால் சமாதானம் சொல்ல இயலவில்லை.

சட்டம் இவ்விஷயத்தில் மௌனமாக இருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. உரிய விசாரணை நடத்தித் தன் கட்சியைச் சொல்லச் சந்தர்ப்பம் அளிக்காமல் அரசு ஊழியர் ஒருவரைப் பதவியில் இறக்கலாகாது என்று அரசியலமைப்பின் 311 ஆம் விதி கூறுகிறது. தற்காலிகமாகப் பார்த்த மேல்பதவியிலிருந்து சொந்தப் பதவிக்குத் திருப்பி அனுப்புவது தானாகவே தண்டனை ஆகிவிடாது என்றாலும், ஊதியத்தையோ எதிர்கால உரிமையையோ பறிக்கும் வகையில் அமைந்தால் அது தண்டனையே ஆகும் என்று 1957 ஆம் ஆண்டின் இறுதியிலேயே, ரயில்வே உத்தியோகஸ்தரான புருஷோத்தம் லால் திங்ராவின் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்துரைத்தது. ஊராட்சி ஊழியர்கள் அரசு ஊழியர்கள்தாமா என்ற சந்தேகம் குஜராத்தில் எழுந்தபோது, அவர்கள் அரசு ஊழியர்களே என்றும், முன்தேதியிட்ட திருத்தச் சட்டம் ஒன்றினால் அவர்களுக்குக் கிட்டிய உரிமைகளைத் துடைத்துவிட முடியாது என்றும் ரமண்லால் கேசவ்லால் சோனி வழக்கில் 1983 இல் உச்ச நீதிமன்ற நீதிபதி சின்னப்ப ரெட்டி தீர்ப்பு எழுதினார். 1970 இல் 190 ரூபாய் என நிர்ணயித்த அடிப்படைச் சம்பளத்தை, இருபது ஆண்டுகள் கழித்து ஒரு நோட்டீஸுமின்றி 181 ரூபாயாகக் குறைத்த ரயில்வே ஆணையை, பகவான் சுக்லா என்பவரின் வழக்கில் 1994 இல் அதே நீதிமன்றம் ரத்து செய்தது. ஒன்பது ரூபாய்க்காக அந்த மனிதர் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு விசனமாக இருக்கிறது.

இத்தனை தீர்ப்புகள் இருந்தும் நிலைமை திருந்தாததற்குக் காரணம், முதுநிலைப் பட்டியல் காலத்தில் முறையாகத் தயாரிக்கப்படாமையே என்பது என் அபிப்பிராயம். பட்டியலைப் பிரசுரித்து, ஆட்சேபங்களைக் கேட்டு, அவற்றுக்கு எழுத்து மூலம் பதில் அளித்து, அதன்பின் தேர்ந்தோர் பெயர்ப்பட்டியலை வெளியிடுவதே நியாயமான முறை. ஆனால் வழக்கு நிலுவை என்றும், ஒழுங்கு நடவடிக்கை விதி 17(ஆ) இன் கீழ்க் குற்றச்சாட்டு நிலுவை என்றும், தெளிவுரை கேட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறது என்றும் காரணங்கள் சொல்லப்பட்டுப் பட்டியல் தள்ளிப்போக, வேலை நடந்தாக வேண்டுமே என்ற அவசரத்தில் ‘முற்றிலும் தற்காலிகமானது, முன்னறிவிப்பின்றி ரத்து செய்யப்படலாம்’ என்ற வாசகத்தோடு பதவி உயர்வுகள் வழங்கப்படுகின்றன. அந்தத் தற்காலிகம் பல வருஷம் நீடித்து, அதை நம்பி ஒருவர் வீட்டுக்கடன் வாங்கி, பெண்ணுக்குக் கல்யாணம் செய்து, பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்த பிறகு, பட்டியல் பிழை என்று கண்டுபிடிக்கப்படுகிறது.

பிழை சில சமயம் சட்டம் இயற்றும் இடத்திலேயே நேர்கிறது. தேர்வாணையத்தின் மூலம் தேர்வானவர்களின் முதுநிலையை, அவர்கள் தேர்வில் பெற்ற தரவரிசைப்படி வைப்பதா, இடஒதுக்கீட்டுக்கான இனச்சுழற்சி வரிசைப்படி வைப்பதா என்ற விவாதத்தில், இனச்சுழற்சி வரிசையையே கொள்ளும்படி 2016 ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் பணி நிபந்தனைச் சட்டத்தில் 40 ஆம் பிரிவு சேர்க்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் 2019 நவம்பரில் அது செல்லாது என்றது. உச்ச நீதிமன்றம் 2021 இல் அதை உறுதி செய்தது. அதற்குப் பிறகும் பட்டியல்கள் திருந்தாததால், அதே ஆண்டு அக்டோபரில் அவமதிப்பு வழக்கில் மீண்டும் ஆணையிட வேண்டியதாயிற்று. நன்கு படித்து முன்னிடம் பெற்றவர் பின்தள்ளப்பட்டது அநீதி என்பதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. அவருக்கு உரியதை அவருக்குத் தந்தே தீரவேண்டும். ஆனால் அரசு சொன்ன வரிசைப்படி அரசு கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்தவர் என்ன குற்றம் செய்தார்? மிகையாகப் பணியிடம் தோற்றுவித்து அவரையும் காத்து, உரியவரையும் உயர்த்த அரசுக்கு அதிகாரம் இல்லையா?

நான் இருந்த ஆசிரியர் துறையிலும் கலக்கம் குறைவில்லை. ஒன்றிய அளவில் பேணப்பட்ட தொடக்கக் கல்வி ஆசிரியர் முன்னுரிமை, 2023 டிசம்பரில் வெளிவந்த 243 ஆம் அரசாணையால் மாநில அளவுக்கு மாற்றப்பட்டது. ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறாதவருக்குப் பதவி உயர்வு இல்லை என்று 2025 செப்டம்பர் 1 ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்துவிட்டது. தலைமை ஆசிரியர் இல்லாமல் பள்ளி நடக்கும் கிராமங்களுக்கு இவற்றின் பலன் என்ன என்பதைப் பெற்றோர்கள் அறிவார்கள்.

இது ஊழியர்களின் சொந்த விவகாரம்தானே, பொதுஜனங்களுக்கு இதில் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் ஒரு தரம் எங்கள் கடற்கரைப் பக்கம் வந்து பார்க்கலாம். 2025 ஜனவரியில் எங்கள் மாவட்டத்து ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்து, வட்டார வளர்ச்சி அலுவலர்களே தனி அலுவலர்களாகப் பொறுப்பேற்றனர். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலத்தில், குடிநீர் மோட்டார் பழுதானாலும், தெருவிளக்கு எரியாவிட்டாலும், மீன் இறங்கும் துறையையொட்டிய தெருவில் சாக்கடை தேங்கினாலும், காசோலையில் கையெழுத்திட வேண்டியவர் அந்த அலுவலர்தாம். அவர் பதவியே நாளைக்கு நிலைக்குமா என்பது தெரியாமல் இருக்கையில் எந்தக் கோப்பில் தைரியமாக முடிவெடுப்பார்?

வழக்குப் போடுகிறவருக்கும் வழி எளிதாக இல்லை. 1988 இல் ஏற்படுத்தப்பட்ட தமிழ்நாடு நிர்வாகத் தீர்ப்பாயம் பின்னர் கலைக்கப்பட்டுவிட்டபடியால், பணி விவகாரம் எதுவாயினும் உயர் நீதிமன்றத்துக்கே போக வேண்டும். எங்கள் மாவட்டத்தாருக்கு அது மதுரை ஒத்தக்கடைக்கு அருகிலுள்ள கிளை. முதல் பஸ்ஸைப் பிடித்து அறந்தாங்கி, காரைக்குடி என்று மாறி மாறிச் சென்று, வக்கீல் கட்டணமும் கொடுத்து, வழக்கு அன்று எடுக்கப்படவில்லை என்று கேட்டுத் திரும்பும் பதிவறை எழுத்தரின் மாதச் சம்பளத்தில் எவ்வளவு மிஞ்சும்? கர்நாடகத்திலோ பெங்களூரில் மட்டுமன்றி பெளகாவியிலும் கலபுரகியிலும் நிர்வாகத் தீர்ப்பாயம் இன்றும் அமர்கிறது.

ஆகவே ஊரக வளர்ச்சித் துறையும் நகராட்சி நிர்வாகத் துறையும் முதுநிலைப் பட்டியல்களை ஆண்டுதோறும் குறித்த தேதியில் பகிரங்கமாக வெளியிட்டு, ஆட்சேபங்களைத் தீர்த்த பின்னரே பதவி உயர்வு வழங்க வேண்டும். பணியிறக்கத்துக்கு முன் சம்பந்தப்பட்டவரை அழைத்துக் கேட்க வேண்டும். பட்டியலில் பிழை செய்த அதிகாரி யார் என்பதையும் அந்த ஆணையிலேயே எழுத வேண்டும். கடைநிலைப் பிரிவுகளைச் சேர்ந்தவர்களிடமிருந்தும், ஓய்வு பெற்றவர்களிடமிருந்தும், ஓராண்டில் ஓய்வு பெறவிருப்பவர்களிடமிருந்தும், ஐந்தாண்டுக்கு மேல் தவறுதலாகக் கொடுத்த ஊதியத்தையும் திரும்ப வசூலிக்கலாகாது என்று ரஃபீக் மாஸிஹ் வழக்கில் 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விதித்ததை ஒவ்வொரு ஒன்றிய அலுவலகத்துக்கும் சுற்றறிக்கையாக அனுப்பி, அதற்கு மாறாக இப்போது நடந்துவரும் பிடித்தங்களை உடனே நிறுத்த வேண்டும். கலைத்த தீர்ப்பாயத்தை மீண்டும் அமைப்பதானால் அதன் அமர்வு ஒன்று மதுரையில் இருக்க வேண்டும் என்பதையும் தங்கள் பத்திரிகை அரசின் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்,
கோட்டைப்பட்டினம், புதுக்கோட்டை மாவட்டம்.