சாவி யார் கையில்?

குஜராத் மாநிலம் வாடினாரில் இருக்கிறது நயாரா எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. ஆண்டுக்கு 2 கோடி டன் சுத்திகரிக்கும் திறன் கொண்டது. 2025 ஜூலையில் ஒரு நாள், அதன் ஊழியர்களால் தங்கள் அலுவலகக் கடிதங்களைத் திறக்க முடியவில்லை. வேலைநிறுத்தத்தால் அல்ல, இயந்திரக் கோளாற்றாலும் அல்ல. கதவைப் பூட்டியது அமெரிக்காவின் மைக்ரோசாஃப்ட்!

'மேகக் கணினி' என்கிறார்களே, அது வானத்தில் மிதப்பதல்ல. நம் பேரேட்டையும் கடிதக் கட்டையும் பிறர் இயந்திரத்தில் வாடகைக்கு வைக்கும் ஏற்பாடு. இயந்திரம் வாங்கும் முதல் மிச்சம் என்பதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் நடந்தது என்ன? நயாராவில் ரஷ்யாவின் ராஸ்நெஃப்ட் நிறுவனத்துக்கு 49 சதப் பங்கு. அதைக் காட்டி ஐரோப்பிய ஒன்றியம் ஜூலை 18-ல் தடை விதித்தது. ஆலையோ இந்திய மண்ணில். இந்திய அரசு அத்தடையை ஏற்கவுமில்லை. இருந்தும் சில நாட்களில் சேவை நின்றது. சந்தா முழுவதும் கட்டியிருக்கிறோம் என்று டெல்லி உயர்நீதிமன்றத்தின் படியேறியது நயாரா. மாத முடிவுக்குள் சேவை திரும்பியது.

பெரிய ஆலை, வழக்காடியது. சிறு பட்டறைக்காரர் எந்தப் படியேறுவார்? மேகத்துக்கு மாறும் முதலாளிகள் முதலில் செய்வது, பழைய கணினிப் பிரிவினரை வீட்டுக்கு அனுப்புவது. பூட்டு விழுந்த நாளில் கணக்கை மீட்டெடுக்கத் தெரிந்த கைகள் அவைதாமே! அவர்களை அனுப்புமுன், பேரேட்டின் நகல் ஒன்று சொந்தக் கட்டடத்தில் உண்டா என்று தொழிற்சங்கங்கள் கேட்கட்டும். பதிலை எழுத்தில் வாங்கட்டும்.