சன்னலோர இருக்கையில் ஐரோப்பா

ஐரோப்பா என்றதும் நம்மவர்களுக்கு நினைவில் வருவது, பத்து நாளில் ஏழெட்டு நாடுகளைக் காட்டிவிடும் சுற்றுலாப் பேருந்துதான். கோபுரத்தின் முன் ஒரு படம், கடையில் ஒரு சாவிக்கொத்து, மறுபடியும் பேருந்து. மாணவர்களாகிய நாம் அப்படி ஓட வேண்டியதில்லை. இரயிலில் போகலாம் என்பதே என் கருத்து.

கடந்த பருவ விடுமுறையில் தோழியும் நானும் அப்படித்தான் போனோம். இரண்டு ஆண்டுகள் பிரத்தியேக வகுப்பு நடத்திச் சேர்த்த பணம். "இவ்வளவு காசு போட்டு இரயில்ல உட்காரவா போற? பட்டர்வொர்த்துக்கு ஏறினா ஆகாதா?" என்றார் அம்மா.

ஐரோப்பாவுக்கு வெளியே வாழ்பவர்களுக்கென 1959 முதல் யூரேல் பயணச்சீட்டு விற்கப்படுகிறது. 27 வயது வரை உள்ளவர்களுக்குச் சலுகை உண்டு. ஒரு மாதத்திற்குள் ஏழு நாள் என்று வாங்கினால், அந்த நாள்களில் எத்தனை இரயிலிலும் ஏறி இறங்கலாம். பல அதிவேக இரயில்களுக்கு மட்டும் இருக்கைப் பதிவுக்குத் தனிக் கட்டணம்.

ஜெர்மனியின் கோலோன் நிலையத்தை விட்டு வெளியே வந்தால், வாசலிலேயே மாபெரும் தேவாலயம் நிற்கிறது. அங்கிருந்து தெற்கே செல்ல 2002-இல் திறந்த அதிவேகப் பாதை உண்டு. நாங்கள் ரைன் நதியோரம் செல்லும் பழைய பாதையையே தேர்ந்தெடுத்தோம். நேரம் கூடியது, ஆனால் திராட்சைத் தோட்டங்களும் குன்றுக் கோட்டைகளும் சரக்குப் படகுகளும் கூடவே வந்தன.

சுவிட்சர்லாந்தின் கூர் நகரிலிருந்து இத்தாலியின் திரானோவுக்குச் சிவப்பு இரயில். சுற்றுலா இரயிலுக்குப் பதிவுக் கட்டணம் உண்டு என்பதால், அதே தண்டவாளத்தில் ஓடும் சாதாரண இரயில்களில் மாறி மாறிச் சென்றோம். 2,253 மீட்டர் உயரம் ஏறி, 429 மீட்டருக்கு இறங்குகிறது பாதை. புருசியோவில் ஒன்பது வளைவுள்ள கல் பாலத்தின் மேல் முழு வட்டமடிக்கையில், எங்கள் இரயிலின் வாலை நாங்களே பார்த்தோம்! எல்லை வருமுன்பே, சுவிட்சர்லாந்துக்குள்ளேயே ஊர்மக்களின் பேச்சு இத்தாலிய மொழியாகிவிட்டது. விமானத்தில் பறந்திருந்தால் இது தெரிந்திருக்காது.

அந்த இரயில் பெட்டிகளில் நிறுவனத்தின் பெயரை மூன்று மொழிகளில் எழுதியிருந்தார்கள். ஜெர்மன், இத்தாலியம், மூன்றாவது ரொமான்ஷ். அதைப் பேசுவோர் ஏறத்தாழ 60,000 பேர்தான். நம் கிள்ளான் வட்டாரத் தமிழர்களே அதைவிட அதிகம். ஆயினும் 1938 முதல் அது அந்நாட்டின் தேசிய மொழிகளுள் ஒன்று.

அதைப் படித்தபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு, தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன முதல் ஆண்டில், பேருந்தில் அம்மா கைப்பேசியில் அழைத்தால் மலாயில் பதில் சொன்னவள் நான். யாரும் என்னைத் தடுக்கவில்லை, நானாகவே மறைத்தேன்.

செலவு இருக்கத்தான் செய்கிறது. பேரங்காடியில் வாங்கிய ரொட்டியும் பாலாடைக்கட்டியுமே பல நாள் எங்கள் மதிய உணவு. ஆனாலும் தம்பி தங்கைகளே, நாடுகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். சன்னலோர நேரத்தைக் கூட்டுங்கள்.

ஆமாம் அம்மா, இரயிலில் உட்காரத்தான் போனேன். உட்கார்ந்ததால்தான் இவ்வளவும் கண்ணில் பட்டது.