பூந்தொட்டிகளை அகற்ற வேண்டுமா?

நோயாளர் வீடு திரும்பும் முன்பே பூந்தொட்டிகளை அப்புறப்படுத்தும் குடும்பங்கள் உண்டு. இது மிகையான அச்சம் என்பேன். பல நாள் சுவரையே பார்த்துக் கிடந்தவருக்குச் செம்பருத்தி மலர்வதைக் காண்பது பெரும் ஆறுதல். நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவருக்குத் தொட்டி மண்ணிலுள்ள பூஞ்சை தீங்கு செய்யலாம். அவருக்காகத் தொட்டியைச் சன்னலுக்கு வெளியே வையுங்கள், மண்ணைப் பிறர் கிளறட்டும்.

வேலியோர மணத்தக்காளியையும், மருத்துவர் தடுக்காதவரை, விலக்க வேண்டியதில்லை; நன்கு கனிந்ததை மட்டும் கழுவி உண்ணலாம். அருகிலுள்ள அரளியோ முழுவதும் நஞ்சு. இதயத் துடிப்பையே குலைக்கும். குழந்தை அதை மென்றுவிட்டால், கைவைத்தியத்தில் காலம் கடத்தாது, அதன் கிளையொன்றையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

செடிகளை அடையாளம் அறிந்து வளர்ப்போம். நோயாளர் கண்ணுக்கு எட்டும் இடத்தில் அவை பூக்கட்டும்.