சந்திரசேகரனுக்கு அரசியல் தெரியாதாம்

அசோகமித்திரனிடம் அரசியல் இல்லை என்ற புகார் அவர் வாழ்ந்தபோதே உண்டு. 2017 மார்ச்சில் அவர் மறைந்த பின்னும் அது ஓயவில்லை. அவர் கடைசிக் காலத்தைக் கழித்த வேளச்சேரியிலிருந்து தாம்பரம் வெகுதூரமில்லை. இங்குள்ள கருத்தரங்குகளிலும் அதே புகார் புதிய கட்டுரையாக அவ்வப்போது வாசிக்கப்படுகிறது. சான்றாகக் காட்டப்படுவது '18வது அட்சக்கோடு' (1977). நிஜாம் ஆட்சி, ரஜாக்கர்கள், 1948 செப்டம்பரில் இந்திய ராணுவத்தின் வருகை என்று இத்தனை பெரிய வரலாறு கையில் இருந்தும், கல்லூரிப் பையன் ஒருவனின் கிரிக்கெட்டையும் வீட்டு மாட்டையும் எழுதிக்கொண்டிருந்தாரே என்பது குற்றச்சாட்டு.

நாம் இதை அடியோடு மறுக்கிறோம். அந்தப் பையனுக்குப் பாதிதான் புரிகிறது என்பதே அந்நாவலின் அரசியல். தன்மையிலும் படர்க்கையிலும் மாறி மாறிச் சென்றாலும் பார்வை என்னவோ சந்திரசேகரனுடையதுதான். செகந்திராபாத்தில் அக்கம்பக்கத்தில் முளைக்கும் கசப்பை அவன் பார்க்கிறான். விளக்குவதில்லை, விளக்கத் தெரியாது. விவரம் அறிந்தவன் சொல்லியிருந்தால் நமக்கு ஒரு தரப்பு கிடைத்திருக்கும். அதில் வசதியாக உட்கார்ந்திருப்போம். கலவரத்தில் தப்பி ஓடிப் புகுந்த வீட்டில், குடும்பத்தாரை விட்டுவிடும்படி ஒரு முஸ்லிம் சிறுபெண் தன்னையே அவன்முன் ஒப்புக்கொடுக்கும் இடத்தை எண்ணிப் பாருங்கள். தன்னைக் கண்டு ஒருவர் இவ்வளவு அஞ்சக்கூடும் என்பது அவனுக்குத் தெரியாது. வென்ற தரப்பின் ஆளாகத் தான் ஆகிவிட்டதை அக்கணத்தில்தான் அறிகிறான். நாமும் அவனுடனேயே, அதே தாமதத்துடன் அறிகிறோம்.

அம்பையின் 'அம்மா ஒரு கொலை செய்தாள்' இன்னும் கூர்மையானது. தாய் ஊரில் இல்லாதபோது பூப்பெய்திய சிறுமி, அம்மா வந்து எல்லாம் சொல்வாள் என்று காத்திருக்கிறாள். வந்தவள் சொல்லும் ஒரு வாக்கியம் அவளை முறித்துவிடுகிறது. பெண்ணுடல் பற்றிய கோட்பாடு எதையும் அச்சிறுமி அறியாள். அறிந்திருந்தால் அவ்வளவு நம்பிக்கையோடு காத்திருந்திருக்க மாட்டாள். நமக்கும் அந்த வாக்கியம் அவ்வளவு வலித்திராது.

மார்க் ட்வைனின் ஹக் ஃபின், அடிமை ஜிம்மைக் காட்டிக்கொடுக்காதது பாவம் என்றே மனதார நம்புகிறான். அதைத் திருத்த ஆசிரியர் குறுக்கே வருவதில்லை. அதற்கும் துணிவு வேண்டும்.

வெகுளி என்றதும் பம்பரம், பனங்கிழங்கு, பாட்டி வீட்டுத் திண்ணை என்று எழுதிக் குவிப்பவர்களுக்காக நாம் வாதாடவில்லை. (அவர்கள்தாம் இந்த உத்தியின் பெயரைக் கெடுத்தவர்கள்.) அக்கதைகளில் குழந்தை எதையும் பார்ப்பதில்லை, பெரியவர் ஒருவர் தம் இளமையை எண்ணி உருகுகிறார், அவ்வளவே.

நமது வகுப்பறைகளுக்கும் இதில் பங்குண்டு. ஆசிரியர் கூறும் கருத்து யாது என்று கேட்டே மாணவரைப் பழக்கிவிட்டோம். கருத்துக் கூறாத கதைசொல்லி வந்தால் அவர்கள் தாளில் எதை எழுதுவார்கள்? அப்படிப் பழகியவர்களே பிறகு விமரிசகராகி, அரசியல் இல்லை என்று தீர்ப்பெழுதுகிறார்கள்.

அவர்களிடம் நாம் கேட்பது ஒன்றுதான். அச்சிறுபெண்ணின் முன் நின்றவன் அரசியல் கற்றவனாக இருந்திருந்தால், அவளிடம் என்ன பேசியிருப்பான்?