பொறி வரலையா? முதல்ல துடைங்க

திருகினா தானா பத்துற கேஸ் அடுப்பு எங்க ஊருக்கும் வந்தாச்சு. நாலு நாள் பத்தலைன்னா, "பார்ட்டு போச்சு"ன்னு மாத்திடுறாங்க. பல நேரம் பார்ட்டு மேல குத்தமே இல்லைங்க. பர்னர் பக்கத்துல இருக்குற பீங்கான் ஊசியில பொங்கின பாலோ ஈரமோ படிஞ்சா பொறி வேற பக்கம் இறங்கிடும். பவர் ஸ்பிரேயர் பிளக்குல கரி பிடிச்சா கழட்டித் துடைக்கிறோமில்ல? அதே கதைதான். அடுப்பு ஆறினதும் ஊசி நுனியைக் காய்ஞ்ச துணியால துடைங்க; பர்னர் மூடியைச் சரியா உக்கார வைங்க; பேட்டரியில ஓடுற அடுப்புன்னா அதையும் மாத்திப் பாருங்க.

ஆனா பத்தலைன்னு திருகிக்கிட்டே நிக்காதீங்க. சமையல் கேஸ் காத்தைவிடக் கனம், தரையோட தங்கும். அடுத்த பொறி ஆளையே பிடிச்சிடும். மூடிட்டு ஜன்னலைத் திறங்க. பார்ட்டு நூறு வாங்கலாம், உசுரு ஒண்ணுதான்.